ரேக்ளாப் பந்தயக் களம்

அரிசி ஆலைகளாற் பெயர்பெற்ற மண்ணச்சநல்லூரில் வளர்ந்த யாம், வண்டி மாட்டைப் பாரம் இழுக்கும் பிராணியாகவே அறிந்திருந்தோம். அம்மாடே காற்றெனப் பாய்வதைக் கொங்குநாட்டு ரேக்ளாப் பந்தயத்திற் கண்டு வியந்தோம். ஆங்கு 200, 300 மீட்டர்த் தூரம் ஓட்டுவர்; சிவகங்கைச் சீமையிலோ ஊர்ப் பொதுச்சாலையே களமாகும்.

2014-ஆம் ஆண்டு மே 7-இல், மாடுகள் துன்புறுதல் கருதி, உச்சநீதிமன்றம் இப்பந்தயத்தைத் தடுத்தது. 2017-இல் எழுந்த ஜல்லிக்கட்டுச் சட்டத்திருத்தத்தின் பின்னர் வண்டிகள் மீண்டும் ஓடலாயின.

கோட்டை இடிந்தாலும் கல் எஞ்சும். இக்களமோ, மாடு ஓடாவிடின் வெறுஞ் சாலையே. ஆதலின் இதனைக் காத்தலாவது, அங்கே கல் நடுவதன்று. காளையையும் அதனை வளர்க்கும் உழவனையும் காப்பதேயாம். நண்பர்காள், தாற்றுக்கோலாற் குத்தி வெற்றி தேடுவோன், தடைவிதித்தோரினும் இம்மரபிற்குப் பெரும்பகைவன் என்பது எம் துணிபு.