என்ன சோறு கட்டறது?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போவதென்றால், எல்லா வீட்டிலும் துணி எடுத்து வைப்பதும் தண்ணீர் பிடித்து வைப்பதும்தான் பெரிய வேலை. எங்கள் வீடுகளில் அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. என்ன சோறு கட்டறது என்று யோசிக்கிற வேலை. எது சீக்கிரம் ஊசிப்போகாது, எதைப் பிள்ளைகள் மேலே கீழே சிந்தாமல் தின்னும் என்கிற யோசனை மட்டுமில்லை. எந்தச் சோற்றைப் பத்துப் பேர் நடுவில் மூடி திறந்து வைக்கலாம் என்கிற யோசனை. இதற்குச் சாதி என்று யாரும் பேர் வைப்பதில்லை. ஜாக்கிரதை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பயணத்துக்குக் கட்டுவது புளிசோறு. திண்டிவனம் என்கிற பேருக்கே புளியங்காடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். திந்திரிணி என்றால் புளி. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு ராத்திரி வரைக்கும் தாங்கும். அதோடு, எந்த ரயில் பெட்டியில் பிரித்தாலும் யாரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். அதாவது புளிசோறு இரண்டு விதத்தில் கெடாது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஆசையாகத் தின்பது அதை இல்லை. மரக்காணம் பக்கமிருந்து வருகிற கருவாட்டில், கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு வைக்கிற கொயம்பு. மல்லாட்டைத் துவையலும் கேவுரு களியும். ஞாயிற்றுக்கிழமையில் பெரிய கறி, போட்டி. எல்லாவற்றுக்கும் மேலே உப்புக்கண்டம். என் பெரிய மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சின்னவனுக்கு நாலு வயது. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வது வறுத்த உப்புக்கண்டத்தின் கடைசித் துண்டுக்குத்தான்.

உப்புக்கண்டம் செய்கிற முறையை எங்கள் ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கறியை நார் ஓடுகிற வாக்கிலேயே நீளமாக, விரல் கனத்துக்கு அரியணும். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுப் பெரட்டி ஒரு ராத்திரி வைக்கணும். காலையில் கயிற்றில் கோத்து வாசலில் நல்ல வெயிலில் கட்டணும். காக்கா வராமலிருக்க ஒரு கறுப்புத் துணியைப் பக்கத்தில் தொங்க விடணும். சாயங்காலம் பனிக்கு முன்னால் எடுத்து, மறுநாள் திரும்பவும் கட்டணும். சுள்ளி மாதிரி முறுகின பிறகு மண்பானையில் போட்டு வாயைக் கட்டினால் மாதக்கணக்கில் கிடக்கும். வேண்டும்போது சுடுதண்ணியில் போட்டெடுத்துத் தட்டி, மல்லாட்டை எண்ணெயில் வறுக்கிறதுதான்.

இது பண்டிகைக்குச் செய்த பதார்த்தம் இல்லை. ஊரில் மாடு செத்தால் தூக்கிப் போடுகிற வேலையைச் சேரியின் தலையில் கட்டினார்கள். கூலியாகக் கிடைத்தது அந்தக் கறி. மொத்தமாக ஒரே நாளில் கிடைக்கும், அப்புறம் எப்போது என்று தெரியாது. கிடைத்ததைக் கெடாமல் வைத்து, அடுத்த பசிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெண்கள் கண்டுபிடித்த அறிவு இது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போனவர்கள் மூட்டையில் கட்டிப்போன சோத்துத் துணை இதுதான். வேலையைத் திணித்தவர்களே அந்த வேலையின் கூலியைத் தின்றதற்காக நம்மை இழிவு என்றார்கள். மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அண்ணல் 1948-இல் 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படிக்காத எங்கள் ஆயாவுக்கும் அது அனுபவமாகத் தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தியப் பதிவாளர் துறையின் 2014 மாதிரிக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் கவிச்சி தின்கிறவர்கள். தின்னாதவர்கள் மூன்று பேர்கூட இல்லை. ஆனாலும் கடை வாசலில் 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை தொங்குகிறது. உயர்தர அசைவ உணவகம் என்று ஒரு பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 97 பேர் தின்கிற சோற்றுக்குச் சொந்தமாக ஒரு பேர்கூடக் கிடையாது. சைவம் இல்லாதது என்று இல்லாத ஒன்றைச் சொல்லித்தான் அழைக்கிறோம். இந்த 97 பேருக்குள்ளேயும் ஆட்டுக்கு ஒரு தெரு, கோழிக்கு ஒரு தெரு, மாட்டுக்கு ஒரு தெரு. கறி தின்பது இங்கே பிரச்சினை இல்லை, எவன் வீட்டுக் கறி என்பதுதான் பிரச்சினை.

போன கோடை லீவில் தங்கச்சி வீட்டுக்குப் பிள்ளைகளோடு போனேன். மயிலம் டேசனில் தாம்பரம் பாசஞ்சர் ஏறினோம். பெரியவள் கேட்டாளே என்று சோற்றோடு உப்புக்கண்டமும் வறுத்து டப்பாவில் வைத்திருந்தேன். திண்டிவனத்தில் வயதான அம்மா ஒருத்தர் ஏறி எதிரே உட்கார்ந்தார். நல்ல மனுஷி. சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து முறுக்கெடுத்து இரண்டு பேருக்கும் கொடுத்தார். பிறகு வழக்கமான கேள்வி.

"எந்த ஊரும்மா?"

"மயிலம்."

"மயிலத்துல எங்க?"

"காலனி."

அவர் முகம் மாறவில்லை. இந்தக் காலத்தில் முகம் மாறுவதில்லை. பேச்சும் நிற்கவில்லை. பையன் மட்டும் கொஞ்ச நேரத்தில் மடியிலிருந்து இறங்கி என் பக்கம் வந்துவிட்டான். பசி வந்து பெரியவள் டப்பாவைத் திறந்தாள். முறுக்கு வாங்கித் தின்ற பிள்ளை, சும்மா தின்னுமா? "ஆயா, நீங்களும் எடுத்துக்கோங்க" என்று நீட்டினாள்.

"வேணாங் கண்ணு, ஆயா இன்னிக்கு வெரதம்."

விரதம் என்றால் என்னவென்று மயிலத்துக்காரிக்குத் தெரியாதா? மலை மேலே முருகன் இருக்கிறான். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிற மாதம் எங்கள் தெருவிலும் கவிச்சி சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். அதனால் பெரியவள் மரியாதையாக டப்பாவை இழுத்துக்கொண்டாள். செங்கல்பட்டில் வண்டி நின்றது. அந்த அம்மா சன்னல் வழியாக வடை வாங்கித் தின்றார். மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள், அடங்கின குரலில்கூட இல்லை.

"வெரதம்னாங்களேம்மா?"

நானும் அடங்கின குரலில் சொல்லவில்லை. "அவங்க வெரதம் நம்ம வூட்டு சோத்துக்கு மட்டுந்தான்" என்றேன். பெட்டியில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் மிச்சத்தைத் தின்று முடித்தார்கள்.

கொடுக்கலாம், வாங்கக் கூடாது. சாதியின் பழைய கணக்கு இவ்வளவுதான். முறுக்கு மேலேயிருந்து கீழே வரலாம், உப்புக்கண்டம் கீழேயிருந்து மேலே போகாது. அந்த அம்மா கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் முக்கியமானது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிற அன்புக்கும் சாதிக்கும் இங்கே சண்டையே இல்லை, இரண்டும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகின்றன.

அண்ணல் தன் சின்ன வயதுப் பயணத்தை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற எழுத்தில் சொல்கிறார். 1901-இல், கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கச் சாத்தாராவிலிருந்து சிறுவர்கள் தனியாகக் கிளம்புகிறார்கள். புதுச் சட்டை, புதுத் தொப்பி, கூடை நிறைய வீட்டுச் சாப்பாடு. மசூர் டேசனில் இறங்கியதும் நீங்கள் யார் என்று கேட்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். மகார் என்றதும் அவர் முகம் மாறுகிறது. இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். ராத்திரி சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்க வேண்டும். முஸ்லிம் என்று சொல்லிப் பார், கிடைத்தாலும் கிடைக்கும் என்கிறான் வண்டிக்காரன். பத்து வயதுப் பையன் அப்படியே உருதுவில் பேசிக் கேட்கிறான். அப்போதும் கிடைக்கவில்லை. சோறு நிறைய இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பட்டினியாகப் படுத்தார்கள்.

இந்தக் கதையைப் பலரும் தண்ணீருக்காகச் சொல்வார்கள். எனக்கு இதில் தைப்பது வேறு. மறைத்தும் கிடைக்கவில்லை என்பது. மறைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மறைத்ததற்கு யார் கூலி கொடுத்தார்கள்?

116 வருஷம் கழித்து, 2017 ஜூன் 22-ஆம் தேதி, ஜுனைத் என்ற பையன் பெருநாளுக்குத் துணி வாங்கிக்கொண்டு டெல்லியிலிருந்து அண்ணனோடு ரயிலில் ஊர் திரும்பினான். பதினாறு வயதுகூட நிரம்பவில்லை என்றார்கள். சீட்டுத் தகராறில் தொடங்கி, மாட்டுக்கறி தின்கிறவன் என்று ஏசிக் கத்தியால் குத்தினார்கள் என்று அண்ணன் சொன்னார். ஜுனைத் செத்துப்போனான். அங்கே முஸ்லிம் என்று சொன்னால் தண்ணீர் கிடைக்குமா என்று பார்த்தார்கள், இங்கே முஸ்லிம் என்பதாலேயே உயிர் போயிற்று. இரண்டு ரயிலிலும் புதுத்துணியோடு பிள்ளைகள்.

அதனால்தான், "எதுக்குடி வம்பு, புளிசோறு கட்டிட்டுப் போனா போச்சு" என்று எங்கம்மா சொல்வதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றபோது அம்மாவுக்குப் பாவாடை சட்டை போடுகிற வயது. கடைத்தெருவில் ஆரம்பித்த தகராறு பெரிய காலனிவரை வந்து முடிந்தது. கடைத்தெரு, பஸ், ரயில், நாலு பேர் கூடுகிற இடம் எல்லாமே அம்மாவுக்கு அப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டன. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை என் மகளுக்குச் சோற்று டப்பாவில் வைத்துக் கட்டிக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதேசமயம் ஏழு வயதுப் பிள்ளையைப் போராளியாக்கி, "எல்லார் முன்னாலயும் தின்னு காட்டு" என்று சொல்லவும் மனசில்லை. அவளுக்குப் பசிக்கும்போது அவளுக்குப் பிடித்ததைத் தின்ன வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பயணத்தில் மட்டுமா? பள்ளிக்கூடத்திலும் இதுதான். 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தையே முற்றுகையிட்டார்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறுவருஷமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ச் சாப்பிட வேண்டியிருந்தது. அங்கே சமைத்தது உப்புக்கண்டம் இல்லை, உப்புமாவும் கிச்சடியும்தான். சைவமே சமைத்தாலும் கை நம்முடையது என்றால் தீட்டு. நாம் புளிசோறு கட்டிப் போனாலும் இதே கதைதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் இயக்கங்களுக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. எதிர்ப்பு எழுந்தது, விழா தள்ளிப்போனது. சரியான போராட்டம். மாட்டுக்கறி விருந்து வைப்பதும் கலகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விருந்துகளில் மேடையில் நிற்பது ஆண்கள். பின்னால் உட்கார்ந்து போட்டியைப் பத்துத் தண்ணியில் அலசிச் சுண்ணாம்பு போட்டுச் சுரண்டுகிறவர்கள் யார்? விருந்து முடிந்து வீட்டுக்குப் போனதும், மறுநாள் பிள்ளையின் டிபன் டப்பாவில் என்ன வைப்பது, அது வகுப்பில் திறக்கும்போது பக்கத்துப் பிள்ளை என்ன சொல்லும் என்று கவலைப்படுகிறவள் யார்? ஒருநாள் கலகத்தை எல்லாரும் செய்யலாம். தினமும் காலை ஏழு மணிக்கு அந்த முடிவை எடுப்பவள் அடுப்படியில் நிற்கிறாள்.

மராத்தியில் ஷாகு பாட்டோளே, மராத்வாடாவின் மகார், மாங் வீடுகளின் சமையலை 2015-இல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. தமிழில் நம் கதைகளிலும் தன்வரலாறுகளிலும் சோறு இருக்கிறது, பசி இருக்கிறது. சமையல் முறை குறைவாகத்தான் இருக்கிறது. பசியை எழுதுவதைப் போலவே ருசியையும் எழுத வேண்டும். பசியை மட்டும் எழுதினால், நம் ஆயாக்களுக்கு அறிவே இல்லாமல் வறுமை மட்டுமே இருந்தது போல ஆகிவிடும்.

அதனால் இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வீட்டில் இருக்கிற மூத்த பெண்ணிடம் போய் உட்காருங்கள். நத்தையை எப்படிக் கழுவினார்கள், வயல் நண்டை எதில் இடித்தார்கள், ரத்தப் பொரியலில் வெங்காயம் எப்போது போடணும், கருவாடு இல்லாத மாதத்தில் எதை வைத்துக் கொயம்பு கூட்டினார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டில் பேர் சொல்லிப் பழகின சோற்றுக்குத்தான் வெளியிலும் பிள்ளை கூசாமல் பேர் சொல்லும்.