எண்ணைப் பார், மாப்பிள்ளை

மாப்பிள்ளை, ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். “மூன்று மாதம் ரிலீஸையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் முடிக்கிறேன்” என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாயாம். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்.

நான் இருக்கும் மௌலா அலியில் தெருவுக்கு நாலு ரயில்வேக்காரர்கள். லோகோ ஷெட், ரயில்வே பயிற்சி நிலையம் எல்லாம் இங்கேதான். உன் திட்டத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். டிக்கெட் முன்பதிவையே எடுத்துக்கொள். டெல்லியில் தொடங்கிய ‘இம்ப்ரெஸ்’ மென்பொருளிலிருந்து ‘கான்செர்ட்’டுக்கு மையம் மையமாக மாறினார்கள். 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, இதோ பக்கத்திலிருக்கும் செகந்திராபாத் ஐந்தும் ஒரே வலையில் வந்துவிட்டன. அந்த வருஷங்களிலும் பொங்கலுக்கு ஊர் வர நான் கவுண்டரில்தான் வரிசையில் நின்றேன். சிஸ்டம் மாற்றுகிறோம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நீ இன்னும் ஜாவா 8-ல், பூட் 2.3-ல் இருக்கிறாய். 2.7-க்கே இலவச ஆதரவு 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. உன் அவசரம் புரிகிறது. பூட் 3-க்கு ஜாவா 17 கட்டாயம். போதாததற்கு, ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும் பெயர்களில் பல ‘ஜகார்த்தா’ ஆகிவிட்டன. ஆரக்கிள் சொத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்து, பெயரை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்ட பாகப்பிரிவினை அது. அவர்கள் தகராறுக்கு உன் கோடில் ஆயிரம் இம்போர்ட் வரி மாற வேண்டியிருக்கிறது!

ஆகவே பிரித்துச் செய். முதலில் 2.7-க்கு வா. அங்கே இருந்தபடியே ஜாவா 17. பிறகுதான் 3. ஒவ்வொன்றும் தனி மெர்ஜ், தனி ரிலீஸ்.

இதற்கெல்லாம் முன்னால் பைப்லைனில் கை வை. பூட் 3-க்குப் போகும்வரை ஒவ்வொரு கமிட்டுக்கும் ஜாவா 8, ஜாவா 17 இரண்டிலும் பில்ட் ஓடட்டும். பழையது விழுந்தால் மெர்ஜ் கிடையாது. புதியது விழலாம், ஆனால் விழுந்தது எல்லார் கண்ணிலும் பட வேண்டும். பைப்லைனை ஓட்டும் ஜென்கின்ஸ் தான் ஓடப் பயன்படுத்தும் ஜாவா வேறு, உன் புராஜெக்ட் பில்ட் ஆகும் ஜாவா வேறு. 2024 அக்டோபரிலிருந்து வரும் ஜென்கின்ஸ் எல்டிஎஸ் பதிப்புகள் தாங்கள் ஓடவே குறைந்தது ஜாவா 17 கேட்கின்றன. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால், எது உடைத்தது என்று தேடியே உன் சனி, ஞாயிறு போய்விடும்.

எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஜேயூனிட் 4 டெஸ்ட்டுகளை ஓட்டும் வின்டேஜ் இன்ஜினை பூட் 2.4-லிருந்து கூடவே தருவதில்லை. ஆனால் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் போல வேறொரு லைப்ரரி வழியாக ஜேயூனிட் 4 உள்ளே வந்துகொண்டிருந்தால் கோட் கம்பைல் ஆகிவிடும். டெஸ்ட் ஓடாது. பிழையும் வராது. லாகைத் திறந்து பார்த்தால், ‘டெஸ்ட்ஸ் ரன்’ என்ற வரியில் நேற்று 1,240 இருந்த இடத்தில் இன்று 35 இருக்கும். அதற்குக் கீழேயே ‘பில்ட் சக்ஸஸ்’. பச்சையைப் பார்த்துக் கை தட்டுகிறவன் அடுத்த ரிலீஸில் மாட்டுவான். எண்ணிக்கை குறைந்தால் பைப்லைன் தானே நிற்கும்படி, மாற்றத்தைத் தொடங்கும் முன்பே ஒரு செக் போட்டு வை.

இன்னொன்று. பைப்லைன் பார்த்துக்கொள்கிறவரை உடைந்தால் மட்டும் கூப்பிடுவது நம் ஆட்களின் பழக்கம். திட்டம் போடும் முதல் நாளே அவரைக் கூட உட்கார வை. எந்த கேஷ் எங்கே இருக்கிறது, எந்த இமேஜில் எந்த ஜேடிகே என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. வேலை முடிந்ததும் பாராட்டு மெயில் உனக்கு வரும். பதிலில் அவர் பெயரை நீ எழுது.

பழைய ஜாவா 8 ஜாபை அவசரப்பட்டு எடுக்காதே. மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் ரிலீஸ் ஒன்று புதியதில் போகட்டும். ரோல்பேக்கையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார். அதற்காகப் பழையதை வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டும் இருக்காதே; நீக்கும் தேதியை ஜாபின் விளக்கத்திலேயே எழுது. தேதி கடந்தும் அது ஓடினால், யாரோ அதில்தான் ரிலீஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சண்டைக்குப் போகாமல் யார், எதற்கு என்று கேள். புதியதில் நீ சேர்க்க மறந்த வேலை ஒன்று பெரும்பாலும் அவரிடம் இருக்கும்.