புலியாகிறவளுக்கும் காலையில் வேலை உண்டு

மலேசியாவின் செண்டாயானில் நடக்கும் மாய நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். நாயகி தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தமிழ்ப்பெண், நினைத்தால் புலியாவாள். மாயத்தை எழுதிவிடலாம். யார் கைக்கும் அடங்காத ஒருத்தியை எழுதுவதுதான் பாடு.

பழைய கதைகள் இதற்கு அதிகம் கைகொடுப்பதில்லை. ஹியூ கிளிஃபோர்ட் 1897இல் வெளியிட்ட நூலில், பேராக்கின் சிலிம் வட்டாரத்து மனிதப்புலிக் கதை ஒன்று வருகிறது. இரவில் வீட்டுப் படியேறும் புலியின் உடலில் புதுமணப்பெண் தன் கணவனின் முகத்தைக் காண்கிறாள். மாறுகிறவன் ஆண், பார்த்து நடுங்குகிறவள் பெண். பெண் உருமாறினால் அவள் பொந்தியானாக். பிள்ளைப்பேற்றில் இறந்தவள், பிடரியில் ஆணி இறக்கினால் அழகான மனைவியாக அடங்கிவிடுவாள் என்பார்கள். 1957இல் பி.என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ படம் அவளை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. நம் பழையனூர் நீலியும் கணவன் கையால் கொலையுண்ட பிறகே உருமாறிப் பழி தீர்க்கிறாள். இரண்டு கதையிலும் சக்தி வருவதற்குள் பெண் செத்தாக வேண்டியிருக்கிறது.

அதனால் என் நாயகியை நான் சாகவிடவில்லை. அவள்மேல் சாபமும் இல்லை. அவளுடைய திறமை பாட்டி வழி வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்கள் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்கள். ஈர இலைக்கடியில் வேர் எங்கே, பள்ளம் எங்கே என்று பாதத்துக்கே தெரியும். அந்த நடையைத்தான் புலிக்குக் கொடுத்தேன். உருமாறும் காட்சியில் எலும்பு முறிவதையும் நகம் முளைப்பதையும் எழுதவில்லை. முதலில் மூக்கு விழிக்கிறது: புதுப் பெயின்ட் வாசத்துக்கு அடியில், எப்போதோ கொட்டிப்போன ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம். அடுத்து பாதம் மண்ணை அறிகிறது.

அடுத்தது நடைமுறை. மாறும்போது உடுப்பு என்ன ஆகும்? கைப்பேசி, வீட்டுச் சாவி? பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரோட்டோரச் சிறுபாலத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் எட்டாத திட்டில் வைக்கிறாள். பண்டார் ஸ்ரீ செண்டாயானின் டெரஸ் வீட்டு வரிசைகளில் கேமரா இருக்கிறது. ஆகவே மிச்சமிருக்கும் செம்பனை ஓரமாகத்தான் அவள் வழி. தீபகற்பக் காடுகளில் நிஜப் புலிகளே 150க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில், ஒரு காலடித்தடம் போதும் அவள் மாட்டிக்கொள்ள. இப்படிப்பட்ட சில்லறைச் சங்கடங்கள்தாம் மாயத்தை நம்பவைக்கின்றன.

பட்ரீசியா பிரிக்ஸின் ‘மூன் கால்டு’ (2006) நாவலில் இதைக் கற்றேன். அதன் நாயகி மெர்சி கயோட்டியாக மாறுவாள். தொழிலோ கார் பழுதுபார்ப்பது. ஓநாய்மனிதர் கூட்டத்தின் தலைவனே அக்கம்பக்கத்தில் இருந்தாலும், அவளுக்குச் சோறு போடுவது அவள் பட்டறைதான்.

சுதந்திரமானவள் என்றால் ஒண்டிக்கட்டை என்று எழுதிவிடக் கூடாது. என் நாயகியின் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். விடிகாலையில் வாசலில் சேறு படிந்த காலைப் பார்த்து, “கழுவிட்டு வாம்மா, பசியாறலாம்” என்கிறாள். கேள்வி கிடையாது. அதட்டலும் இல்லை. மகளை அடக்கும் ஆணி அந்த வீட்டில் இல்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும். மாப்பிள்ளை வீட்டார் வரும் அத்தியாயத்தில் ‘அந்தப் பழக்கத்தை’ விட்டுவிடச் சொல்வார்கள். அவள் சீறவில்லை, உருமாறவும் இல்லை. மனித உருவிலேயே, மனிதக் குரலிலேயே முடியாது என்கிறாள்.

எழுதி முடித்த ஒவ்வோர் அத்தியாயத்தையும் புலியை நீக்கிவிட்டு ஒருமுறை படிக்கிறேன். புலி இல்லாமலும் அவள் சம்பாதிக்கிறாளா, மறுக்கிறாளா, தன் முடிவைத் தானே எடுக்கிறாளா? இல்லையென்றால் நான் எழுதியது புலியைத்தான், அவளை அல்ல. அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன்.