தேயும் இரும்புக்கு ஒரு மேல்சட்டை

கடலூர் பெயரில் ஒரு கல் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல்தான் அது. தோண்டும் இயந்திரங்களின் இரும்புப் பற்களையே தேய்த்துவிடும். நிலக்கரியை எரித்த பிறகும் தொல்லை விடுவதில்லை. பறக்கும் சாம்பல் பாய்லர் குழாய்களை அரிக்கிறது.

அதற்காக முழுக் குழாயையும் விலை உயர்ந்த உலோகத்தில் செய்ய முடியுமா? மேல்தோலை மட்டும் மாற்றினால் போதுமே! இதுதான் வெப்பத் தெளிப்புப் பூச்சு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷூப் தொடங்கி வைத்தது. உருகிய துளிகள் சொரசொரப்பான பரப்பில் மோதி, தோசை மாவு போலப் பரவி, ஒன்றின்மேல் ஒன்றாக உறைந்துவிடும்.

பிளாஸ்மா முறையில் வெப்பம் 10,000 டிகிரியைத் தாண்டும். பீங்கான் பொடியே உருகிவிடும். அதிவேக ஆக்சிஜன் எரிபொருள் முறையில் வெப்பம் சுமார் 3,000 டிகிரிதான். ஆனால் சுடர் ஒலியைவிட வேகமாகப் பாய்வதால் பூச்சு நெருக்கமாக அமையும். டங்ஸ்டன் கார்பைடும் அதிகம் சிதையாது.

பூச்சின் எதிரி நுண்துளை. அதன் வழியே அரிப்பு உள்ளே புகும். மின்திறன், தெளிக்கும் தூரம், பொடி விழும் வேகம் மூன்றையும் மாற்றிப் பார்த்து அதைக் குறைக்கும் ஆய்வுகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளன.

ஒரு குறை உண்டு. பூச்சு பிடித்திருப்பது பெரும்பாலும் அந்தச் சொரசொரப்பில்தான். பலத்த அடி விழுந்தால் பெயர்ந்துவிடும். ஆகவே கல்லில் மோதும் பற்களுக்கு வெல்டிங் பூச்சு, சாம்பல் அரிக்கும் குழாய்களுக்குத் தெளிப்பு. எப்படித் தேய்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சட்டை பொருந்தும் என்று சொல்ல முடியும்.