நிறுத்தும் உரிமை

என்னிடம் இருக்கும் யானைப் படங்களில் தந்தம் உள்ள யானை ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் பிடிகளும் கன்றுகளும். திட்டமிட்டுச் சேர்த்ததல்ல. சாலையில் போகிறவளின் கண்ணில் எது படுகிறதோ அதுதான் படம். யானைக் கூட்டம் என்பது பெண்களின் குடும்பம். வயது முதிர்ந்த பிடி வழிநடத்த, மகள்களும் பேத்திகளும் கன்றுகளும் சேர்ந்து நடக்கும். ஆண் கன்று பருவம் எய்தியதும் விலகிப் போய்விடும். 22 மாதம் வயிற்றில் சுமந்து பெற்ற கன்றை அந்தக் கூட்டத்தின் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து காப்பதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். ஆனாலும் இந்தப் படங்களைக் காட்டினால் ஆண் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கொம்பன் கிடைக்கலையா?" என்பதுதான். வரையாட்டைக் காட்டினால், முதுகு வெளுத்த பெரிய கிடா எங்கே என்பார்கள். பெண் விலங்கு மட்டும் இருக்கும் படம் அவர்களுக்கு இன்னும் முடியாத படம்.

திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் மலைச் சாலைகளைப் பின் இருக்கையிலிருந்து பார்த்தவள் நான். மடியில் தூங்கும் பிள்ளை, காலடியில் புளிசோற்றுத் தூக்கு, கையில் வாந்திக்கென்று பிரித்து வைத்த பாலித்தீன் பை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகள் நிற்கும். "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பேன். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்று பதில் வரும். அதே வண்டி டீக்கு நிற்கும், சிகரெட்டுக்கு நிற்கும், செல்பேசியில் பேச நிற்கும். எங்கே நிற்பது என்பதை ஓட்டுகிறவர் தீர்மானிப்பார். ஓட்டுகிறவர் யார் என்பது எங்கள் வீட்டில் கேள்வியாகவே எழுந்ததில்லை. பயணத்துக்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முப்பத்தெட்டாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் உடன் பணிபுரியும் இரண்டு தோழிகள், ஒரு பழைய கார், தவணையில் வாங்கிய ஒரு கேமரா. முதல் பயணத்தில் அந்த ஒன்பதாவது வளைவில், வண்டி நிறுத்துவதற்கென்று விட்டிருந்த இடத்தில் நிறுத்தினேன். பெண் வரையாடு ஒன்று, குட்டியோடு, புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். "போகலாமா?" என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் படம் அப்படியொன்றும் சிறப்பானதல்ல. அந்த முக்கால் மணி நேரம் எனக்குச் சிறப்பானது.

தமிழ் வகுப்பில் மாணவிகள் அலுத்துக்கொண்டே மனப்பாடம் செய்யும் பகுதி ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் ஆண், பெண், குட்டி ஒவ்வொன்றுக்கும் உரிய பெயர்களைச் சொல்லும் பகுதி. யானைக்குப் பிடி, மானுக்குப் பிணை, குரங்குக்கு மந்தி, ஆட்டுக்கு மூடு. பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்குப் 'பாட்டி' என்று பெயர். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு ஒன்று கேட்பேன்: பெண்ணுக்கென்று இத்தனை பெயர்கள் வேண்டுமென்றால், அந்தக் காலத்தவர் விலங்குகளை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும்? இன்று செய்தித்தாளில் எல்லாமே 'காட்டு யானை', 'மான்', 'குரங்கு' என்றாகிவிட்டன. என் கணினியில் படங்களைச் சேமிக்கும்போது பழைய பெயர்களையே இடுகிறேன். 'பிடி, கன்றுடன், ஆசனூர்.' 'மந்தி, மார்பில் குட்டி, வால்பாறை.' தேர்வுக்குப் படித்த சொற்கள் பயன்படுகிற இடம் இப்படி ஒரு கோப்பில் இருக்கிறது.

மாணவி ஒருத்தி என்னைச் சங்கடமாக ஒன்று கேட்டாள். பேருந்து நிலையத்தில் யாரோ தன்னைச் செல்பேசியில் படம் எடுத்ததைச் சொல்லிக் கொதித்துக்கொண்டிருந்தவள், "மேடம், நீங்க எடுக்கற மிருகமும் சரின்னு சொல்லலையே?" என்றாள். நியாயமான கேள்வி. விலங்கிடம் அனுமதி கேட்க முடியாதுதான். ஆனால் மறுப்பை அது சொல்லிவிடும். யானை மேய்வதை நிறுத்திக் காதை விரிக்கும், தும்பிக்கையை உயர்த்திக் காற்றை முகரும், கன்றைக் கால்களுக்கு நடுவே தள்ளும். புள்ளிமான் வாலைத் தூக்கி முன்காலால் தரையைத் தட்டும். காட்டெருமை தலையைத் தாழ்த்திச் சீறும். அந்த நொடியில் கேமராவை இறக்கி, எஞ்சினைக் கிளப்பி, நாம் போய்விட வேண்டும். இவ்வளவு தெளிவான மறுப்பையும் புரியாததுபோல் நடித்துக்கொண்டு இன்னும் இரண்டடி முன்னே போகிறவர்களை நாம் சாலையிலும் பார்த்திருக்கிறோம், மற்ற இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இத்தனை வருடம் காத்திருந்து நிறுத்தும் உரிமையைப் பெற்றவள், புலிகள் காப்பகச் சாலைக்குள் போனால் எங்கும் நிறுத்தக் கூடாது. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் 27 வளைவுகளிலும், முதுமலை, பந்திப்பூர்க் காட்டுக்குள்ளும் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இறங்குவதும் உணவு எறிவதும் குற்றம். அங்கே தோழி ஓட்டும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கிடைப்பதே படம். கிடைக்காவிட்டால் பார்த்ததே போதும். பின் இருக்கையில் நான் பார்க்காமல் விட்டதும் இங்கே எடுக்காமல் விடுவதும் ஒன்றல்ல. அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்று நானே முடிவு செய்கிறேன்.

இரவுத் தடையைப் பற்றியும் அப்படித்தான் யோசித்தேன். பந்திப்பூர் வழியே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை. திம்பம் சாலையில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. முதலில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது விடுதிக் கதவு. மாலை ஆறு மணிக்குப் பூட்டு, வார்டனின் கையெழுத்துப் புத்தகம், "நாடு கெட்டுக் கிடக்கு, பொம்பளப் புள்ளைக்கு வெளியில என்ன வேலை?" பிறகுதான் வேறுபாடு புரிந்தது. விடுதியில் பூட்டப்பட்டது ஆபத்துக்கு ஆளாகிறவர்கள். காட்டுச் சாலையில் தடுக்கப்படுவது ஆபத்தை உண்டாக்கும் வண்டிகள். சிறுத்தையையும் மானையும் பார்த்து "ராத்திரியில் ரோட்டைக் கடக்காதே" என்று யாரும் உத்தரவு போடவில்லை. லாரியை நிறுத்தினார்கள். ஒரு சாலையை இரவில் நடக்கிறவர்களுக்காகக் காலி செய்ய ஒரு நாட்டால் முடியும் என்பதற்கு இது சாட்சி. வகுப்பில் பெண்களும் பொதுவெளியும் என்று பேச்சு வரும்போது இந்தச் சாலையைத்தான் உதாரணம் காட்டுகிறேன்.

வால்பாறையில் யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகள் உண்டு. செல்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வரும். அவற்றைப் பார்த்துத்தான் தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து லைன் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் அருகே பேருந்துக்குக் காத்திருந்த ஒரு தொழிலாளி அக்காவிடம் கேமராத் திரையில் ஒரு பிடியைக் காட்டினேன். "இடது காது கிழிஞ்சிருக்கே, இவ வருசா வருசம் வர்றவதான். போன தடவை கன்னு இல்ல, டீச்சர்" என்றார். ஆவணம் என்று நான் எடுத்து வைத்திருந்த படத்தில் எனக்குத் தெரியாத வரலாறு அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு அவரே சொன்னார்: "கொழுந்து பறிக்கறப்ப எங்களையும் காரை நிறுத்தி எடுப்பாங்க. ஒருத்தரும் கேட்டதில்ல. யானையை எடுக்கறப்பவாவது பயந்து தள்ளி நிக்கிறாங்க."

உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கேமராவைப் பையில் வைத்தேன். பேருந்து வரும்வரை அந்தப் பிடியின் பழைய கன்றுகளைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.