எந்தக் கை?

2025 மார்ச் 3, திங்கள், நியூ ஜெர்சி

வக்கீலம்மா போனில் பேசினார். 2023 அக்டோபரில் ஃப்ளூ ஊசி போட்டதிலிருந்து என் கணவருக்கு இடது கை தூக்க வரவில்லை. ஊசியைத் தசையில் போடாமல் தோளில் மேலே ஏற்றிப் போட்டால் இப்படி ஆகுமாம். ஊசியால் வரும் பாதிப்புக்கு இழப்பீடு தர 1986-லேயே சட்டம் வந்திருக்கிறது. வழக்கு மருந்துக் கம்பெனி மீதல்ல, சுகாதாரத் துறைச் செயலர் மீது. ஒரு ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட் வரி. அதில் சேரும் நிதியிலிருந்துதான் இழப்பீடு. நியாயமான வழக்கென்றால், தோற்றாலும் வக்கீல் கூலி அங்கிருந்தே வரும். இதைக் கேட்ட பிறகுதான் இவர் முகம் தெளிந்தது.

மார்ச் 7, வெள்ளி

ஊசி போட்ட மருந்துக்கடையின் தாள் வந்தது. தேதி, லாட் எண் எல்லாம் இருக்கிறது. எந்தக் கை என்ற கட்டம் மட்டும் காலி. ஒரு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும்?

மார்ச் 19, புதன்

டாக்டரின் குறிப்புகளை ராத்திரி முழுக்கப் படித்தேன். 2023 டிசம்பரில் எழுதியது: ‘இடது தோள் வலி, சில வாரங்களாக.’ ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவர் சொன்னார், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ‘சில வாரம்’ என்றால் அரசு வக்கீலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பிறகு, பிசியோதெரபித் தாள்களில் தேடியது கிடைத்தது. ஜனவரியில் சிகிச்சை கொடுத்த பெண் எழுதியிருக்கிறாள்: ‘ஃப்ளூ ஊசி போட்ட அன்றிரவு முதல் வலி, இடது கை.’ கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே டாக்டர் விட்டதை இவள் கேட்டு எழுதியிருக்கிறாள். புண்ணியவதி! 2024 ஜூலை வரை அவளிடம் போனதால், உபாதை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்ததற்கும் அதுவே அத்தாட்சி.

மார்ச் 24, திங்கள்

பக்கத்து வீட்டு அக்கா தன் கோவிட் ஊசிக்கும் இப்படிக் கேட்கலாமா என்றார். அதற்கு வேறு திட்டம். ஊசி போட்ட ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அவருக்குக் கெடு எப்போதோ போய்விட்டது. எங்களுக்கு முதல் வலியிலிருந்து மூன்று வருடம்.

ஏப்ரல் 2, புதன்

ஊசி போட்ட அன்றிரவு இவர் சட்டையைக் கழற்ற நான்தான் உதவினேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். மனுதாரர் தரப்புப் பேச்சு மட்டும் செல்லாது; மருத்துவக் குறிப்போ மருத்துவர் கருத்தோ துணை நிற்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

மனு தாக்கலாகிவிட்டது. ஜெயித்தாலும் வலி வேதனைக்கென்று 2,50,000 டாலருக்கு மேல் கிடையாது. 1986-இல் வைத்த உச்சவரம்பு, இன்னும் ஒரு டாலர்கூட ஏறவில்லை.