அரிக்கமேட்டில் ஒரு நாள்

எங்க அப்பா மயிலாப்பூர் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறார். புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டுக்குப் பலமுறை சவாரி போயிருக்கிறார். போன மாதம் ஓனரிடம் கேட்டு எங்களையும் கூட்டிப் போனார்.

பழந்தமிழர் கிரேக்கரையும் ரோமரையும் யவனர் என்றனர். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, யவனரின் மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. பாடப் புத்தகப் படம் மாதிரி பெரிய தூண்கள் இருக்கும்னு நினைச்சேன். மரங்களும் இடிந்த செங்கல் சுவரும்தான் இருந்தன. அந்தச் சுவரும் பிரெஞ்சுக்காரர் காலத்தது! "இதுக்கா வந்தோம்?" என்று முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டேன்.

அப்பா மட்டும் ஆற்றங்கரை வரை நின்று நின்று பார்த்தார். "இத்தனை தடவை வந்தும் கார்லயேதான்மா உக்காந்திருந்தேன்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.